திருகோணமலையில் வனநல நடைபாதை: வேண்டுமா, வேண்டாமா?

மரநிழல் | வெள்ளி, காலை 8.05

எல்லோருக்கும் வணக்கம். நான் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். வீடு உப்புவெளியில். வனநல நடைக்கான வழிகாட்டிப் பயிற்சியை இணையவழியில் முடித்திருக்கிறேன். கன்னியாவுக்கு அப்பால், அநுராதபுர வீதியை ஒட்டிய காட்டோரத்தில் ஒரு நடைபாதைக்கு அனுமதி கேட்கலாம் என்று யோசனை. கேட்பதற்கு முதல் ஊர் என்ன நினைக்கிறது என்று அறியத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காக: இது மலையேற்றம் இல்லை, உடற்பயிற்சியும் இல்லை. ஒரு கிலோமீற்றர் அளவு தூரத்தை இரண்டு மணித்தியாலம் எடுத்து நடப்பது. வழிகாட்டி மரங்களின் பெயரை ஒப்புவித்துக்கொண்டு முன்னால் போகமாட்டார். "இப்போது உங்களைச் சுற்றி எதெல்லாம் அசைகிறது என்று பாருங்கள்" என்பது போல ஒன்றைச் சொல்வார். ஆட்கள் பத்துப் பதினைந்து நிமிடம் தங்கள் பாட்டில் பார்ப்பார்கள். பிறகு வட்டமாக நின்று, சொல்ல விருப்பமானவர் சொல்லலாம், மற்றவர் சும்மா நிற்கலாம். நடுவில் இருபது நிமிடம் ஒவ்வொருவரும் ஓரிடத்தில் தனியே இருப்பார்கள். முடிவில் அந்த இடத்திலேயே கிடைக்கும் பூவோ இலையோ போட்ட தேநீர். இங்கே என்றால் ஆவாரம்பூ. போன் வீட்டிலேயே.

ஜப்பானின் வனத்துறை 1982இல் இதைத் தொடங்கியது. இன்று அங்கே சான்றிதழ் பெற்ற காட்டுப் பாதைகள் அறுபதுக்கு மேல். தென்கொரியாவில் 2015இல் காட்டு நலனுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. வழிகாட்டிகளுக்கு அரசு உரிமம் கொடுக்கிறது.

என்னிடம் வருபவர்களில் பாதிப்பேருக்கு நித்திரை இல்லை. ஊரைச் சுற்றிக் காடு, ஆனால் பாலை மரம் எது, வீரை மரம் எது என்று நகரத்துப் பிள்ளைக்குத் தெரியாது. சமண்டலை மரம் ஒரு காலத்தில் 'திருகோணமலை மரம்' என்ற பெயரிலேயே கப்பலேறி, மதராஸ் துறையில் மசூலாப் படகு கட்டப் போனது. இன்று அதைக் காட்டச் சொன்னால் காட்டுவதற்கு ஆள் தேட வேண்டும். மனந்திறந்து சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு | வெள்ளி, காலை 9.40

நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. 'சிகிச்சை' என்று பலகை எழுதும் இடத்தில்தான் சண்டை. ஆஸ்பத்திரி வேலை என்பதால் இந்த ஆய்வுகளைக் கொஞ்சம் படித்திருக்கிறேன்.

எல்லோரும் தூக்கிக் காட்டுவது டோக்கியோவில் இருக்கும் மருத்துவர் சிங் லீ 2005இல் செய்த ஆய்வு. பன்னிரண்டு ஆண்களை மூன்று நாள் காட்டுப் பக்கம் கூட்டிப்போனார். இரத்தத்தில் நோயை எதிர்க்கும் இயற்கைக் கொல்லிக் கலங்களின் செயற்பாடு ஏறத்தாழ அரைவாசி கூடியது. பன்னிரண்டு பேர்! அலுவலகத்தை விட்டு மூன்று நாள் தங்கி, வடிவாகச் சாப்பிட்டு, நித்திரை கொண்டால் யாருக்குத்தான் எதுவும் கூடாது? அந்தக் கலம் கூடியதால் இத்தனை பேருக்கு நோய் வராமல் நின்றது என்று அதில் எங்கே இருக்கிறது?

அடுத்தது 2010இல் வந்த பெரிய ஆய்வு. 24 காடுகள், 280 பேர். நகரத்தில் நடந்தபோது இருந்ததைவிடக் காட்டில் நடந்தபோது கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் குறைவு. சரி. ஆனால் எல்லோரும் இளம் ஆண் மாணவர்கள், அளந்ததும் அந்தந்த நாளின் மாற்றம். பிரஷரும் சீனியும் உள்ள ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு ஆறு மாதத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. 2019இல் இத்தாலியர்கள் எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்தபோது இன்னொரு வேடிக்கை தெரிந்தது. காட்டுக்குப் போகப் போகிறோம் என்று தெரிந்த ஆட்களுக்கு, போவதற்கு முன்னரே கோர்ட்டிசோல் இறங்கியிருக்கிறது. எதிர்பார்ப்பின் வேலை அது. காட்டின் காற்றுக்கு அதில் பங்கு எவ்வளவு?

மரங்கள் விடும் வாசனை எண்ணெய்களைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் பெரும்பாலும் ஊசியிலை மரங்களை வைத்து. எங்கள் பாலையும் வீரையும் அந்தச் சாதி இல்லை. அதோடு ஜப்பானில் அதே சீடர் மரத்தின் மகரந்தம் மூன்றில் ஒருவருக்கு மேல் மூக்கொழுக வைக்கிறது. அதை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் போடமாட்டார்கள்.

கிறவல்_வீதி | வெள்ளி, பகல் 12.15

நான் கந்தளாய்ப் பக்கம். டொக்டர் ஐயாவின் கணக்கு எனக்குத் தெரியாது, யானைக் கணக்குக் கொஞ்சம் தெரியும்.

தங்கச்சி, சத்தம் போடாமல் மெதுவாக நடக்கவேண்டும் என்கிறீர்கள். யானைக் காட்டில் சத்தமில்லாமல் நடப்பவன் ஒன்றில் வேட்டைக்காரன், இல்லாவிட்டால் விசரன். நாங்கள் உள்ளே போவதென்றால் கதைத்துக்கொண்டு, இருமிக்கொண்டு, கத்திப்பிடியால் மரத்தில் தட்டிக்கொண்டுதான் போவோம். அலியன் யானைக்கும் கரடிக்கும் நாங்கள் வருவது முன்கூட்டியே தெரியவேண்டும், தெரிந்தால் அதுகள் தன்பாட்டில் விலகும். கரடி திடுக்கிட்டால்தான் முகத்துக்குப் பாயும். பாலைப்பழக் காலத்தில் அது மரத்தடியை விட்டு அசையாது. நீங்கள் ஆளை இருத்தி வைக்கப்போவதும் அதே பாலை மரத்தடியில்.

இன்னொன்று. காலையில் யானை இருக்காது என்று நகரத்து ஆட்கள் நினைக்கிறார்கள். யானை இரவில் வயலுக்கு வரும், விடிய விடியக் காட்டுக்குத் திரும்பும், வெயில் ஏறும்போது நல்ல நிழலாகப் பார்த்து நிற்கும். அந்த நல்ல நிழல்தான் உங்கள் நடைபாதை. நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ நானூறு யானையும் நூறுக்கு மேல் மனிதரும் சாகிறார்கள். செத்தவர்களில் கன பேர் அந்த வழியில் தினமும் போய்வந்தவர்கள்.

கம்பஸ்_பொடியன் | வெள்ளி, பகல் 12.31

அண்ணை, ஜப்பானிலும் கரடி இருக்கிறது. பையில் மணி கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். மணி கட்டி நடந்தால் அமைதி எங்கே என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

கொட்டியாரம் | வெள்ளி, பிற்பகல் 3.50

யானையும் வாசனை எண்ணெயும் இருக்கட்டும். "காட்டோடு மறுபடி சேருவோம்" என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுதியது முழுக்க அதுதான். அதற்கு என் பதில்.

நாங்கள் சம்பூர்ப் பக்கம். 2006இல் வெருகல் தாண்டி வாகரைக்கு நடந்தவர்கள். அந்த நடைக்கு வழிகாட்டி இல்லை. குழந்தை அழுதால் வாயைப் பொத்தவேண்டும். இரவில் பற்றைக்குள் இருக்கும்போது எது அசைகிறது என்று பார்க்கச் சொல்லித்தர எங்களுக்கு ஆள் தேவைப்படவில்லை. அதைத் தவிர வேறு எதையும் நாங்கள் பார்க்கவில்லை. காட்டில் இருபது நிமிடம் அசையாமல் இருப்பதை என் அம்மா நல்ல வடிவாகச் செய்வார். அதன்பிறகு மூன்று நாள் சாப்பிடமாட்டார். உளவளத்துணை செய்யும் உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

திரும்பி வர ஒன்பது பத்து வருடமானது. வந்து பார்த்தால் முற்றத்தில் மரம், வயலில் மரம், கிணற்றுக்குள்ளும் மரம். எங்கள் வளவுகளுக்குப் பிரச்சினையில்லை. பெரியப்பாவின் வயல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஆட்கள் இல்லாத காலத்தில் மரம் முளைத்ததால் அது காடு என்று ஒரு திணைக்களம் எல்லைக்கல் நட்டிருந்தது. காணி உறுதி இருக்கிறது, வரம்பு இருக்கிறது, மதகு இருக்கிறது; அவர்களுடைய வரைபடத்தில் பச்சை நிறம் இருக்கிறது. வெட்டினால் வழக்கு.

இப்போது சொல்லுங்கள். அப்படி ஒரு காட்டோரத்தில் நீங்கள் பாதை போட்டு, கம்பி கட்டி, 'வனநலப் பாதை' என்று பலகை நட்டால், அது இன்னொரு எல்லைக்கல். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று தெரியும். பலகைக்கு எண்ணம் தேவையில்லை. நாளைக்கு யாராவது காணி கேட்டால் 'இது நலப் பாதை, மக்கள் பயன்படுத்துகிறார்கள்' என்று ஒரு வரி எழுத அது போதும்.

நெறியாளர் | வெள்ளி, பிற்பகல் 4.10

காணி விடயம் இந்தத் தலைப்புக்குள் அடங்கும், பேசலாம். ஆளையாள் தாக்கவேண்டாம்.

நிலாவெளி_அறைகள் | வெள்ளி, மாலை 5.25

எல்லோரும் தடுப்பதற்கே வந்தால் ஊரில் எதுதான் நடக்கும்? எனக்கு நாலு அறை. மே முதல் செப்டெம்பர் வரை ஆட்கள் வருவார்கள், புறாமலைத் தீவுக்குப் போவார்கள், கோணேசர் கோயில் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் "வேறென்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறும் ஊற்றிக் குளித்து முடிய முக்கால் மணித்தியாலம். அதற்குமேல் சொல்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. அவர்களுடைய நாட்டில் இந்த நடைக்குக் காசு கட்டிப் போகிறவர்கள்தான். இங்கே ஒரு ஒழுங்கான பாதை வந்தால் ஓட்டோக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வருமானம். கொட்டியாரம் தம்பியின் வேதனை நியாயம். அதற்காகக் கன்னியாப் பக்கக் காட்டைப் பூட்டி வைக்கவேண்டுமா?

கம்பஸ்_பொடியன் | வெள்ளி, மாலை 5.48

புறாமலையைச் சொன்னபடியால் கேட்கிறேன். 2003இல் அது தேசியப் பூங்கா. முருகைக்கற்களின் மேல் ஏறி நின்று செல்பி எடுக்கக்கூடாது என்று படகில் போகும்போதே சொல்கிறார்கள். ஏறுகிறார்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான் கோயிலுக்குப் போகிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, பொலித்தீனோடு சேர்த்துத் தின்கிறது. அந்த மானுக்கும் மனிதருக்கும் நடுவில் எந்தப் பிரிவும் இல்லை, முழுதாகச் சேர்ந்துவிட்டார்கள். பலன் மானின் வயிற்றில். நான் நடைக்கு எதிர் இல்லை. நூறு பேர் வரும் நடைக்கு எதிர்.

மரநிழல் | வெள்ளி, இரவு 8.30

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத முடியவில்லை, முக்கியமானதற்கு எழுதுகிறேன்.

மருந்துச்சீட்டு, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லீயின் கணக்கில் நீங்கள் விட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. ஹோட்டலும் விடுமுறையும்தான் காரணமா என்று பார்க்க, பிறகு அவர் ஆட்களை ஒரு நகரத்துக்கும் அதேபோலக் கூட்டிப்போனார். தங்கல், சாப்பாடு, நடை எல்லாம் உண்டு, காடு மட்டும் இல்லை. அங்கே அந்தக் கலங்கள் கூடவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் உங்கள் கேள்வியை அவரே கேட்டிருக்கிறார். எதிர்பார்ப்பிலேயே கோர்ட்டிசோல் இறங்குகிறது என்றால் அதில் எனக்கு என்ன நட்டம்? ஒரு கிழமை முழுக்க ஒரு நல்ல விடயத்தை எதிர்பார்த்திருக்க முடிகிற ஆள் என்னிடம் வருவதே குறைவு.

இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேரிடம் கேட்டு 2019இல் வெளியான ஆய்வும் இருக்கிறது. கிழமைக்கு 120 நிமிடம் இயற்கையான இடத்தில் இருப்பவர்கள், தங்கள் உடல்நலமும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூட.

கொட்டியாரம், நீங்கள் எழுதியதற்கு உடனே பதில் எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும். கண் மூடச் சொல்வதை நான் செய்யமாட்டேன். தனியே இருப்பது கட்டாயமில்லை, இருவராக இருக்கலாம், திரும்பிப் போகலாம். யாரும் யாரையும் கூட்டிக்கொண்டு போய் "இது உங்களுக்கு நல்லது" என்று சொல்லக்கூடாது. உங்கள் அம்மாவை நான் இந்த நடைக்குக் கூப்பிடமாட்டேன்.

மருந்துச்சீட்டு | வெள்ளி, இரவு 9.12

நகரத்து ஒப்பீட்டை ஏற்கிறேன், அதிலும் ஆட்கள் ஒரு கை விரல் இரு கை விரல்தான். ஆனால் இங்கிலாந்து ஆய்வு உங்களுக்கே எதிர். அந்த 120 நிமிடத்தில் பூங்காவும் அடங்கும், கடற்கரையும் அடங்கும், வழிகாட்டி இருக்கவேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. ஒரே தரமாகவும் இருக்கலாம், துண்டு துண்டாகவும் இருக்கலாம். பின்னேரம் டச்சுக்குடாவில் கச்சான் கொறித்துக்கொண்டு காலை நீட்டி இருக்கும் குடும்பம் அந்தக் கணக்கில் ஏற்கனவே தேறிவிட்டது. இலவசமாக! பிறகு நீங்கள் எதற்கு?

அதோடு அது ஒரு தடவை கேட்ட கணக்கு. நலமாக இருப்பவன்தான் வெளியே போவான், படுக்கையில் கிடப்பவன் போகமாட்டான். எது எதைக் கொண்டுவந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வார்ட்_நைட்டிங்கேர்ள் | வெள்ளி, இரவு 10.40

பெயரைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். தாதி, இப்போது இரவு முறை, ஐந்து நிமிடம் இருக்கிறது. 1984இல் உல்ரிச் என்பவர் அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்த 46 பேரின் பதிவுகளைப் பார்த்தார். பாதிப்பேரின் ஜன்னலுக்கு வெளியே மரம், பாதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் கொஞ்சம் முந்தி வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்து குறைவாகக் கேட்டார்கள். எங்கள் வார்டில் ஜன்னல் கட்டிலுக்குச் சண்டை ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. மரத்தைப் பார்ப்பதே போதும் என்றால் யானைக்குப் பக்கத்தில் போய் எதற்குப் பார்க்கவேண்டும் என்பது என் சிறிய சந்தேகம். மணி அடிக்கிறது, வருகிறேன்.

குளக்கட்டு | சனி, காலை 6.20

இரவு முழுக்க எழுதியிருக்கிறீர்கள், விடிய எழும்பி வாசித்தேன். தம்பலகாமம், வயல் வீடு, முன்பு படிப்பித்தேன்.

காட்டை மறந்துவிட்டோம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் காட்டுக்கு வேலையாகப் போகாத ஆட்கள். கேஸ் வருவதற்கு முதல் நாங்கள் கிழமையில் இரண்டு நாள் விறகுக்குப் போவோம், ஆறேழு பெண்கள். ஆம்பிளைகள் இல்லாத இடம் எங்களுக்கு அது ஒன்றுதான். யார் வீட்டில் அடி விழுகிறது, யாருக்கு மாதம் தப்பிவிட்டது, யார் கடன் வாங்கினது, எல்லாம் அங்கேதான் கதைப்போம். வீரைப்பழம் பொறுக்கித் தின்போம். பாலைப்பழம் தின்றால் அதன் பால் உதட்டில் ஒட்டி வாயைத் திறக்க முடியாது, அதற்கு ஒரு சிரிப்பு. விறகைத் தலையில் ஏற்றியதும் கதை முடியும். இப்போது விறகு வேண்டாம், ஆகவே போக ஒரு சாட்டும் இல்லை. "சும்மா காட்டுக்குப் போகிறேன்" என்று எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் வீட்டில் சொல்ல முடியாது. இதனால்தான் மரநிழல் தங்கச்சி சொல்வதில் எனக்கு ஒரு பாதி பிடித்தது. உங்கள் நடை ஒரு சாட்டு. காடு எங்களுக்குத் தெரியும். போவதற்கு ஒரு காரணம்தான் தேவை.

பிடிக்காத பாதி, இடம். கன்னியாவும் வேண்டாம், அநுராதபுர வீதியும் வேண்டாம். காட்டுக்குள்ளேயே போகத் தேவையில்லை. எங்கள் பக்கம் சின்னக் குளங்கள் எத்தனையோ. கட்டு உயரத்தில் நின்றால் நாலு பக்கமும் தெரியும், அலியன் அரைக் கட்டை தூரத்தில் நின்றாலே கண்டுவிடலாம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், அலைகரையில் மருதை மரம். அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தாலே இரண்டு மணித்தியாலம் போகும், வழவழவென்று வெள்ளையாக இருக்கும். தண்ணீர் வற்றும் மாதங்களில் யானை பின்னேரம் குளத்துக்கு வரும், அதனால் காலையில் மட்டும். மாரி தொடங்கினால் வேண்டவே வேண்டாம். எலிக்காய்ச்சலும் நுளம்பும் உங்கள் கோர்ட்டிசோலை ஏற்றிவிடும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எட்டு மணிக்கே முகம் எரியும். மாசி, பங்குனி நல்லது.

குளம் பொதுக்குளம். அதில் யாரும் கல் நட முடியாது, கொட்டியாரம் தம்பி.

கிறவல்_வீதி | சனி, காலை 7.02

குளக்கட்டு ரீச்சர் சொன்னது சரி. சின்னக் குளம் என்றால் சரி. பஸ்ஸைக் கட்டில் ஏற்றவேண்டாம். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் கட்டு உடைந்தபோது என்ன நடந்தது என்று எங்கள் பக்கம் இன்னும் கதைக்கிறார்கள். மற்றது, நீளக் காற்சட்டையும் நீளக் காலுறையும். உண்ணி கடித்துக் காய்ச்சல் வந்தால் டொக்டர் ஐயாவுக்குத்தான் வேலை.

நிலாவெளி_அறைகள் | சனி, காலை 8.15

வயற்கட்டில் நடக்கவா சுவிற்சர்லாந்திலிருந்து வருவார்கள்? காடு என்று சொன்னால் ஒரு மரியாதை. குளம் என்றால் அவர்களுக்கு விளங்காது.

குளக்கட்டு | சனி, காலை 8.40

அவர்களுக்கு என்று நான் சொல்லவில்லையே.

வெருகல்_பக்கம் | சனி, காலை 10.05

ஒரு விடயத்தை யாரும் தொடவில்லை. செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கதிர்காமம் போகும் பாதயாத்திரை ஒவ்வொரு ஆண்டும் எங்கள் பக்கத்தால், வெருகல் முருகன் கோயிலால் போகிறது. கிழமைக்கணக்காக நடக்கிறார்கள். மரத்தடியில் படுக்கிறார்கள், வழியில் கொடுப்பதைச் சாப்பிடுகிறார்கள், கடைசியில் குமண, யால காட்டுக்குள்ளால் போகிறார்கள். யானை உள்ள காடு. அரோகரா என்று சத்தம் வைத்துக்கொண்டு. அமைதி வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கிறவல் வீதி அண்ணைக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது வழிகாட்டி யார் என்ற கேள்வி. மூதூர், வெருகல் பக்கம் வேடர் பரம்பரை ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலோர வேடர், தமிழ் பேசுகிறவர்கள். தேன் எடுப்பார்கள். எந்த மரத்தில் பொந்து, எந்தப் பூக் காலத்தில் எந்தத் தேன், காற்று எந்தப் பக்கம் திரும்பினால் எதைச் செய்யக்கூடாது, எல்லாம் தெரியும். அவர்களை விட்டுவிட்டு இணையத்தில் பயிற்சி எடுத்தவர் காட்டுக்குக் கூட்டிப்போவது எனக்குப் பொருந்தவில்லை. கோபிக்க வேண்டாம் அக்கா.

மரநிழல் | சனி, காலை 10.50

கோபம் இல்லை. பாதயாத்திரை வேறு, அதில் போய்ச்சேர ஒரு இடமும் ஒரு நேர்த்தியும் இருக்கிறது. வலியைத் தாங்குவதே அதன் ஒரு பகுதி. என் நடையில் போய்ச்சேர எதுவும் இல்லை. காலில் கொப்புளத்தோடு நடக்கிறவரிடம் "இந்த இலையின் பின்புறத்தைப் பாருங்கள்" என்று சொல்ல முடியாது. இரண்டும் இருக்கட்டும்.

தேன் எடுப்பவர் முன்னால் நடக்க, நான் பின்னால் நடப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காட்டை வாசிப்பது அவர் வேலை. யாருடைய முகம் மாறுகிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. அதற்குத்தான் நான் படித்தேன். ஆனால் அவருக்குக் கூலி எனக்கு வருவதில் பாதியாவது இருக்கவேண்டும். வேடர் ஒருவரை வேட்டி கட்டி வில் கொடுத்துப் படம் எடுக்க நிறுத்துவது என்றால் நான் அந்த வேலைக்கு இல்லை.

கொட்டியாரம் | சனி, பகல் 11.30

பாதி என்று எழுதியதை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

என் நிலை மாறவில்லை, கொஞ்சம் தெளிவாகச் சொல்கிறேன். கடலை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஆட்கள் கடற்கரைப் பக்கம் முகம் திருப்பவில்லை. யாரும் வந்து கடலோடு சேரச் சொல்லி நடத்தவில்லை. தொழில் இருந்தது, வலை இருந்தது, வாடி இருந்தது. ஒரு வருடத்தில் பாதிப்பேர் தண்ணீரில் கால் வைத்துவிட்டார்கள். பயம் போனதால் போகவில்லை, போனதால் பயம் குறைந்தது. காட்டுக்கும் அப்படித்தான். பெரியப்பாவுக்கு வயலைத் திருப்பிக் கொடுங்கள், வயலுக்குப் போகும் வழியில் அவர் காட்டைப் பார்த்துக்கொள்வார். சேனை செய்யவும் தேன் எடுக்கவும் விறகு பொறுக்கவும் போகக்கூடாது, ஆனால் மூச்சை இழுத்துவிடப் போகலாம் என்றால், காடு யாருக்கு என்று முடிவெடுத்தாகிவிட்டது.

வார்ட்_நைட்டிங்கேர்ள் | சனி, பிற்பகல் 2.20

நித்திரை கொண்டு எழும்பி வாசிக்கிறேன். கொட்டியாரம், ஒரு குறுக்குக் கேள்வி. கடலுக்குத் திரும்பியவர்கள் ஆண்கள். கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாமார் எத்தனை பேர் இன்னும் அலைச்சத்தம் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள்? தொழில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

கொட்டியாரம் | சனி, பிற்பகல் 3.05

அது உண்மை. ஆனால் அதற்கும் காணிக்கும் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

மருந்துச்சீட்டு | சனி, மாலை 4.45

நான் தடுத்துக்கொண்டே இருக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். மூன்று விடயம் எழுத்தில் வேண்டும். 'சிகிச்சை' என்ற சொல்லும் 'குணமாகும்' என்ற சொல்லும் எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் வரக்கூடாது. மருந்து குடிப்பவர் மருந்தை நிறுத்தக்கூடாது என்று தொடங்கும்போதே வாயால் சொல்லவேண்டும். போன் வீட்டில் என்பதை மாற்றுங்கள். வழிகாட்டியிடம் ஒன்றாவது இருக்கவேண்டும், பாம்பு கடித்தால் ஆவாரம்பூத் தேநீரைக் கொடுத்துக்கொண்டு நிற்க முடியாது.

மரநிழல் | சனி, மாலை 6.30

மூன்றும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. கன்னியா விண்ணப்பத்தை இப்போதைக்கு எழுதவில்லை. குளக்கட்டு அக்கா சம்மதித்தால் மாசியில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணி. பத்துப் பேருக்கு மேல் இல்லை. பெண்களுக்கு முன்னுரிமை, அக்கா சொன்ன காரணத்துக்காகவே. முதல் நாள் கட்டணம் இல்லை. முன்னால் நடப்பவரின் கூலி என் பொறுப்பு, வெருகல் தம்பி ஆளைக் கேட்டுச் சொல்லுங்கள். பலகை இல்லை, கம்பி இல்லை, கல் இல்லை. பேசாமல் நடக்கவேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டேன். மெல்லக் கதைத்துக்கொண்டு நடக்கலாம், நிற்கும் இடங்களில் மட்டும் அமைதி.

கொட்டியாரம் | சனி, மாலை 6.52

நான் வரமாட்டேன். ஆனால் 'கல் இல்லை' என்று நீங்கள் எழுதியதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

நிலாவெளி_அறைகள் | சனி, இரவு 7.20

எனக்கு என்ன இலாபம் என்று கேட்டால் கோபிப்பீர்கள். சரி, ஒரு ஜேர்மன் தம்பதி மாசியில் வருகிறார்கள், அவர்களையும் சேர்க்க முடியுமா? காசு தருவார்கள்.

குளக்கட்டு | சனி, இரவு 7.41

முதல் நாள் வேண்டாம். வெள்ளைக்காரர் வந்தால் எங்கள் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள், அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றத்தான் பார்ப்பார்கள். பிறகு பார்க்கலாம்.

ஆதிகோணநாயகர் கோயிலடியில் இறங்கி யாரிடமாவது ரீச்சர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். அதற்கு முதல் நாள் இரவு யானை எந்தப் பக்கம் போனது என்று வயற்காவலுக்குப் படுப்பவரிடம் விசாரித்துவிட்டு எல்லோருக்கும் சொல்வேன். நமது பக்கம் நின்றது என்றால் நடை இல்லை, வீட்டில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

மருந்துச்சீட்டு | சனி, இரவு 8.00

பிரஷர் மெசினோடு வருகிறேன். முன்னும் பின்னும் அளப்பேன். இறங்கினாலும் அது நிரூபணம் இல்லை, விளம்பரத்தில் போடக்கூடாது.

கம்பஸ்_பொடியன் | சனி, இரவு 8.09

முக்கியமானதை யாரும் கேட்கவில்லை. இரண்டு மணித்தியாலம், வெட்டவெளிக் கட்டு, பத்துப் பெண்கள், தேநீர் வேறு. மலசலகூடம்?

குளக்கட்டு | சனி, இரவு 8.15

எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது. தண்ணீர் வாளி நிரப்பி வைப்பேன். வெற்றிலை போடுகிறவர்கள் முற்றத்தில் துப்பக்கூடாது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.